வழங்கிய உரிமை

மக்கள் தம் உழைப்பால் ஆக்கிய பொருளைப் பிறர்க்கு அளிக்கும் முறை இருவகைப்படும். செய்முறையை மறைத்துப் பொருளை மட்டும் அளித்தல் ஒன்று. பொருளோடு செய்முறையையும் சேர்த்து அளித்தல் மற்றொன்று. கணினி மென்பொருள்களும் இவ்விரு வகையினவே. இரண்டாம் வகையினவற்றைத் திறமூல மென்பொருள்கள் என்பர். அவற்றின் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். இவ்வுரிமைகளையும் அவற்றிற்குரிய கட்டுப்பாடுகளையும் வரையறுத்துக் கூறும் ஆவணமே உரிமம் எனப்படும்.

செய்திகளை ஒழுங்குபடத் தொகுத்து வைத்து, வேண்டும்பொழுது எடுத்துத் தரும் மென்பொருள் தரவுத்தளம் ஆகும். இத்தாலி நாட்டைச் சேர்ந்த சால்வத்தோரே சான்பிலிப்போ என்பார் 2009-ஆம் ஆண்டில் ‘ரெடிஸ்’ என்னும் தரவுத்தளத்தை வெளியிட்டார். செய்திகளைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்துக்கொள்வதால் அது மிக விரைந்து இயங்கியது. பி.எஸ்.டி. என்னும் உரிமத்தின்கீழ் அவர் அதனை வழங்கினார். பதிப்புரிமைக் குறிப்பை நீக்கலாகாது என்பது போன்ற சில கட்டுப்பாடுகளே அவ்வுரிமத்தில் உள்ளன. ஆதலின் பல நாட்டு வல்லுநரும் ரெடிஸைத் திருத்தி வளர்த்தனர்.

நாளடைவில் ரெடிஸின் பெயரும் வளர்ச்சியும் ஒரு வணிக நிறுவனத்தின் பொறுப்பில் வந்தன. அதே காலத்தில், பெருங்கணினிகளை இணையத்தின் வழியே வாடகைக்கு விடும் மேகக்கணினி நிறுவனங்கள் ரெடிஸையும் தம் சேவையாக விற்றுப் பொருள் ஈட்டின. உரிமம் அதனைத் தடுக்கவில்லை. பேணி வளர்ப்பவர் ஒருவர், பயன்கொள்பவர் மற்றொருவர் என்னும் குறை இதனால் எழுந்தது. இத்தகைய குறையை முன்னிட்டே ‘மாங்கோடிபி’ என்னும் மற்றொரு தரவுத்தளத்தை ஆக்கிய நிறுவனமும் 2018-ஆம் ஆண்டில் தன் உரிமத்தை மாற்றிற்று.

அவ்வாண்டில் ரெடிஸின் துணைக்கூறுகள் சிலவற்றிற்கு உரிமம் மாறியபோது, மையப்பகுதி என்றும் பி.எஸ்.டி. உரிமத்திலேயே நிலைக்கும் என்று அதன் நிறுவனம் கூறியது. எனினும், 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், இனி வரும் பதிப்புகள் வேறு உரிமங்களின்கீழ் வெளிவரும் என அந்நிறுவனமே அறிவித்தது. ரெடிஸைச் சேவையாக விற்போரைக் கட்டுப்படுத்துவதே அவ்வுரிமங்களின் நோக்கம். அவை திறமூல உரிமங்களாக ஏற்கப்பட்டவை அல்ல.

ஊதியம் கருதாது உழைத்தவர் பலர் இதனால் மனம் வருந்தினர். ஆயினும் அவர்கள் வழியற்றுப் போகவில்லை. புதிய உரிமம் புதிய பதிப்புகளையே கட்டுப்படுத்தும். முன்னர் வழங்கப்பட்ட பதிப்பின் உரிமை பெற்றவரிடமே நிலைத்து நிற்கும். ஆகவே, அறிவிப்பு வெளிவந்த எட்டாம் நாளே, ரெடிஸ் 7.2.4 பதிப்பினின்று ‘வால்கீ’ என்னும் புதிய கிளை தோன்றியது. ரெடிஸ் என்னும் பெயர் நிறுவனத்திற்கு உரியதாதலின், கிளைக்கு வேறு பெயர் வேண்டியதாயிற்று. லினக்ஸ் அறக்கட்டளை அதற்கு இடமளித்தது. அமேசான், கூகுள், ஆரக்கிள் முதலிய நிறுவனங்கள் துணைநின்றன. அது பி.எஸ்.டி. உரிமத்திலேயே தொடர்ந்தது.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் ரெடிஸின் எட்டாம் பதிப்பு வெளிவந்தது. அப்பொழுது ஏ.ஜி.பி.எல். என்னும் திறமூல உரிமத்தையும் நிறுவனம் சேர்த்துக்கொண்டது. நிரலைத் திருத்தி இணையச் சேவையாக அளிப்போர், திருத்திய நிரலையும் அச்சேவையைப் பயன்படுத்துவோர்க்கு வழங்கவேண்டும் என்பது அதன் விதி. பிரிந்த கிளையோ மீண்டும் வந்து சேரவில்லை.

இந்நிகழ்ச்சியில் ஆராயத்தக்கது ஒன்று உண்டு. பெருநிறுவனங்கள் கைம்மாறின்றிப் பயன்கொள்ள இடந்தந்ததும் பி.எஸ்.டி. உரிமமே, நிறுவனம் புதிய பதிப்புகளுக்குக் கட்டுப்பாடு விதிக்க இடந்தந்ததும் அதுவே, உழைத்தோர் பிரிந்து சென்று பணியைத் தொடர இடந்தந்ததும் அதுவே. நிறுவனம் உரைத்த சொல் ஆறு ஆண்டுகளில் மாறியது. உரிமத்தில் எழுதி வழங்கிய உரிமையோ மாறவில்லை. பலர் கூடி ஒரு பணியைத் தொடங்குமுன், அதன் பயன் யாருக்கு, எவ்வளவு உரியது என்பதை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுதல் அறிவுடைமையாகும். அவ்வெழுத்தைப் பொருள் உணர்ந்து படித்த பின்னரே அப்பணியில் சேர்தல், சேர்வோர்க்கும் கடமையாகும்.