கூரை போட்டவர் ஒருவர், தரை யாருடையது?

கோலார் தங்க வயலில் தொழிலாளி வீடு என்றால் லைன் வீடு. சாம்பியன் ரீஃபிலும் மாரிகுப்பத்திலும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் சிறு வீடுகளில், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள். கூரையை மாற்றியிருக்கிறார்கள், முன்புறம் ஓர் அறை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் ஓயவில்லை.

காரணம், இங்கே வீடு வேலையோடு வந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்தது. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. முதலாளி மாறினாலும் வீட்டின் சட்ட நிலை மாறவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது, வீட்டுரிமை அந்தரத்தில் தொங்கியது.

ஆங்கிலேயச் சட்டம் நிலத்தை உரிமைகளின் கட்டாகப் பார்க்கிறது. சொந்தம் ஒன்று, குத்தகை ஒன்று, வெறும் அனுமதி மற்றொன்று. 1882இல் இயற்றப்பட்ட சொத்து மாற்றுச் சட்டமும் ஈஸ்மென்ட் சட்டமும் இந்தப் பாகுபாட்டை இங்கே கொண்டுவந்தன. குத்தகைக்காரருக்கு நிலத்தில் ஓர் உரிமை உண்டு. அனுமதி பெற்றவர் அத்துமீறி நுழைந்தவர் ஆகமாட்டார், அவ்வளவுதான். வேலைக்காகத் தரப்படும் வீடு பொதுவாக இந்தக் கடைசி வகை.

12 ஆண்டுகள் குடியிருந்தால் வீடு சொந்தம் என்ற திண்ணைப் பேச்சு இங்கே எடுபடாது. அனுமதியோடு வசிப்பது எதிரிடை அனுபவம் ஆகாது. கம்பெனி வீட்டைக் காலி செய்யாத முன்னாள் ஊழியர் மீது கம்பெனிச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1995இல் வாரிசுகளுக்கும் அது பொருந்தும் என்றது. ஒரு சிறு பிடிமானம் உண்டு. அனுமதியின் பேரில் சொந்தச் செலவில் நிரந்தரக் கட்டுமானம் செய்தவரிடமிருந்து அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்கிறது ஈஸ்மென்ட் சட்டத்தின் 60ஆவது பிரிவு. நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

பத்திரம் கிடைத்தாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது: யார் பெயரில்? இங்கிலாந்தில் கூட்டுரிமை இரு வகை. ஒன்றில், கணவர் இறந்தால் வீடு முழுவதும் தானாகவே மனைவியைச் சேரும். மற்றதில், அவரவர் பங்கு அவரவர் வாரிசுகளுக்கு. இந்தியாவில் இருவர் பெயரில் பதிந்தால் பொதுவாக இரண்டாவது வகைதான். உயில் இல்லையென்றால், இந்துக் குடும்பத்தில் இறந்தவரின் பங்கு மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவக் குடும்பத்தில் விதவைக்கு மூன்றில் ஒன்று. சின்னஞ்சிறு லைன் வீட்டில் இந்தக் கணக்கு அண்ணன் தம்பிகளைக் கோர்ட்டில் நிறுத்திவிடும்.

எனவே பத்திரம் எழுதும் நாளிலேயே மனைவியின் பெயரும் ஏற வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தவர்களின் குடும்பங்கள் இப்போது கேட்பது, மேலே சில நூறு சதுர அடி மண்.