சமையலறை மேஜையில் ஒரு கம்பெனி!

2011-ல் தென்காசியில் காலூன்றிய ஜோஹோ கம்பெனி, குற்றாலத்துக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் கம்ப்யூட்டர் வேலை நடத்துகிறது. 'மலையடிவாரத்தில் இதெல்லாம் நிலைக்குமா?' என்பவர்களுக்கு ஓர் அமெரிக்கக் கதை உண்டு.

ராபர்ட்டா வில்லியம்ஸ் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை வகுத்தார். கணவர் கென் அதற்குப் புரோகிராம் எழுதினார். 1980-ல் வெளிவந்த அந்த 'மிஸ்டரி ஹவுஸ்'தான், படங்களோடு வந்த முதல் சாகச விளையாட்டு என்பார்கள். பிளாஸ்டிக் பைகளில் போட்டு விற்றார்கள்!

பணம் வந்ததும் யோசமிட்டி மலைப் பக்கம் குடியேறினார்கள். கம்பெனிக்கு 'சியரா' என்று மலையின் பெயரே அமைந்தது. 1996-ல் அது வெளியார் கைக்கு மாறியது. 1999-ல் மலையடிவாரத்து ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள்.

மலை என்ன செய்யும், பாவம்! ஊரின் மேல் முதலாளிக்குப் பற்று இருக்கும்வரைதான் ஊருக்கு வேலை!