நெய்வேலி: கிணற்றில் வந்த கருப்பு

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. அந்த வட்டாரத்தில் அன்றைக்குத் தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை. குழாயை இறக்கினால் மோட்டார் இல்லாமலே பொங்கி வழிந்த காலம்.

அந்தக் கரியைத் தோண்டி மின்சாரம் எடுக்க 1956-ல் என்.எல்.சி. நிறுவனம் பிறந்தது. மறு வருஷம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். முதலியாரே நிலம் கொடுத்தார். ஊர் ஊராக வீட்டைப் பிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். நாட்டுக்குக் கரண்டு, பிள்ளைக்கு வேலை என்று நம்பியே கிளம்பினார்கள்.

அதே தண்ணீர்தான் இன்று தகராறு. கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் ஊற்றின் அழுத்தம் சுரங்கத் தரையையே பிளந்துவிடும் என்பதால், இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் ஒரு பங்கு சென்னைக்குக் குடிநீராகப் போயிருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களில் போர்க்கிணறு ஆழமாகிக்கொண்டே போகிறது என்பதுதான் விவசாயிகளின் புகார்.

வேலையும் அப்படித்தான். அன்று நிலம் கொடுத்த வீட்டுக்குக் கம்பெனி வேலை என்ற பேச்சு இருந்தது. இன்று கேட்டால் ஒப்பந்தக் கூலிதான் என்கிறார்கள். நிரந்தர வேலை கேட்டும் போராட்டங்கள் நடக்கின்றன.

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவி. சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, போலீஸ் காவலோடு பொக்லைன்கள் வயலில் இறங்கின. பச்சை நெற்பயிர் வேரோடு புரண்டு சேற்றுக்குள் போனது. நிலத்தை எடுத்துப் பல வருஷமாகிவிட்டது, பயிர் வைக்காதீர்கள் என்று முன்பே சொன்னோம் என்றது நிறுவனம். காகிதப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் கையகப்படுத்திவிட்டு வருஷக்கணக்கில் உழவனிடமே விட்டுவைத்த நிலத்தில், அவன் சும்மா உட்கார்ந்திருப்பான் என்று யார் நினைத்தது? கிராமத்தில் தரிசு போட்ட வயல் அவமானம்.

அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. பொக்லைன்கள் இறங்கிய இரண்டாம் நாள், ஜூலை 28-ல், நெய்வேலியில் நடந்த போராட்டம் கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்தது.

ஆகஸ்டில் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். மீதிப் பயிரை அறுத்துக்கொண்டு நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருந்தது.