பக்கவாதம்: வீட்டிலும் தொடர வேண்டிய சிகிச்சை

பக்கவாதம் கண்டவரைப் படுக்கையிலேயே வைத்துப் பராமரிப்பதுதான் அன்பு என நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணமே அவர் நலம்பெறத் தடையாகிறது.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு அந்நேரத்தை வீணாக்கலாகாது.

புந்தோங் மக்களுக்கு ஈப்போ இராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை அருகிலேயே உள்ளது. மருத்துவமனையில் தொடங்கும் பயிற்சி, வீடு திரும்பியதும் நின்றுவிடக் கூடாது. பழுதுற்ற மூளைப் பகுதியின் வேலையைப் பிற பகுதிகள் இடைவிடாப் பயிற்சியால் கற்றுக்கொள்கின்றன. முதற்சில மாதங்களில் முன்னேற்றம் மிகுதி. பால்மரம் வெட்டிய கை, முதலில் கோப்பையைப் பிடிக்கப் பழகட்டும். இரத்த அழுத்த மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது; நிறுத்தினால் நோய் மீண்டும் தாக்கக்கூடும்.

தாமே பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ அம்மையார் 1996-இல் மலேசிய தேசிய பக்கவாதச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் ஈப்போவிலும் பயிற்சி நிலையம் அமைத்தது.

நோயாளிக்கு எல்லாவற்றையும் நாமே செய்துவிடாமல், அவரே செய்திட அருகிருந்து துணை நிற்போமாக.