டயலைத் தொடாதீர்கள்

சென்ற வாரம் சுவிஸ் கடிகாரங்களைப் பார்த்தோம். இந்த வாரம் நம் வீட்டு பீரோவிலேயே கிடக்கும் ஒன்று: எச்.எம்.டி. ஜனதா. பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்ச்சும் போட்ட காலத்தில், சிங்கப்பூரிலிருந்து சீக்கோ வாங்கிவர ஆள் இல்லாத வீடுகளுக்குக் கைகொடுத்தது எச்.எம்.டி.தான். இன்று அதையே சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். தேவை வந்ததும் ஒரு கெட்ட பழக்கமும் கூடவே வந்துவிட்டது. மங்கிய டயலைச் சுரண்டிவிட்டுப் புது வண்ணம் அடித்து, எழுத்தையும் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். பழைய கடிகாரத்துக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை என்பேன்.

காரணம் கடிகாரத்தின் உள்ளேயே இருக்கிறது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்.எம்.டி. பெங்களூரில் கைக்கடிகார ஆலையைத் தொடங்கியது. ஜனதாவுக்குள் ஓடும் இயந்திரத்தின் எண் 0231. சிட்டிசன் வடிவமைப்பின் வழிவந்தது. சாவி கொடுத்தால் ஓடும். நொடிக்கு ஐந்து துடிப்பு. சக்கரங்களின் அச்சுமுனைகள் தேயாமல் சுழல 17 செயற்கை மாணிக்கக் கற்கள். எச்.எம்.டி.யின் இன்னொரு கடிகாரமான, கறுப்பு டயல் கொண்ட பைலட்டுக்குள்ளும் இதே 0231தான். அப்படியென்றால் ஜனதாவை ஜனதா என்றும் பைலட்டைப் பைலட் என்றும் எதை வைத்துச் சொல்கிறோம்? டயல், முட்கள், கூடு இவற்றை வைத்துத்தான். இயந்திரம் பழுதானால் இன்னொரு 0231-இலிருந்து உதிரி எடுத்துப் போடலாம். ஆலையில் அச்சான டயலுக்கு அந்த வழி கிடையாது. 1984-இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்த பிறகு எச்.எம்.டி.யின் சந்தை சரிந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுரண்டி எடுத்த டயலுக்கு மாற்றாக இனி ஆலையிலிருந்து ஒன்று வரப்போவதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வலுவில்லாதவை அல்ல. கண்ணாடி கீறினால் மாற்றுகிறோம், மெயின் ஸ்பிரிங் அறுந்தால் மாற்றுகிறோம், டயல் மட்டும் என்ன புனிதம் என்று கேட்கிறார்கள். கண்ணாடியும் ஸ்பிரிங்கும் தேய்ந்து தீர்வதற்கென்றே உள்ளவை. ஸ்பிரிங்கை மாற்றினால்தான் கடிகாரம் ஓடும், கண்ணாடியை மாற்றினால்தான் நேரம் தெளிவாகத் தெரியும். டயலில் கறை இருந்தாலும் நேரம் தவறுவதில்லை. கோயில் கற்சுவரை மணல் பீய்ச்சிப் பளபளப்பாக்கியதில் கல்வெட்டுகள் மழுங்கிப்போனதைத் தஞ்சைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டயலில் நடப்பதும் அதே சேதம்தான். லட்சக்கணக்கில் செய்த மலிவான கடிகாரத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு என்பது இன்னொரு கேள்வி. மலிவு என்பதாலேயே யாரும் பொத்திவைக்கவில்லை. வயலிலும் வியர்வையிலும் கடலோர ஈரக்காற்றிலும் உழைத்துத் தேய்ந்தவை போக, முகம் கெடாமல் மிஞ்சியவை உற்பத்தியான கணக்கோடு ஒப்பிட்டால் சொற்பம். வண்ணம் அடிப்பவர்களின் பிழைப்பு என்ற வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். அது கைத்தொழில், டயல் முற்றிலும் உரிந்துபோன கடிகாரத்துக்கு அவர்கள் மறுவாழ்வு தரட்டும். ஆனால் விற்கும்போது 'புது டயல்' என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்க வேண்டும். அதை மறைத்து 'பழைய சரக்கு, அப்படியே இருக்கிறது' என்பது ஏமாற்று.

வாங்குகிறவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆலை அச்சில் எழுத்து மெல்லியதாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். மறுவண்ணத்தில் எழுத்து தடித்துக் கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு ஒட்டாமல் விலகி நிற்கும். ஐம்பது வருடக் கூடு தேய்ந்திருக்க, டயல் மட்டும் நேற்று வந்ததுபோல் மின்னினால் சந்தேகப்படுங்கள். பின்மூடியைத் திறந்து காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ கட்டிய ஜனதா நின்றுபோய்க் கிடந்தால், சாவியைத் திருகித் திருகிப் பார்க்க வேண்டாம். எண்ணெய் காய்ந்த இயந்திரத்தை ஓட்டினால் அச்சுமுனைகள் தேயும். சாவி கொடுக்கும் வாட்ச்சைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பழைய ரிப்பேர்காரர் யாராவது உங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் இருந்தால் அவரிடம் கொண்டுபோங்கள். சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். டயலைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)