மரத்தடி மேடை – 11: பட்டத்துக்கு ஓர் இலை

1901-இல் ஐந்தே மாணவர்களுடன் சாந்திநிகேதனில் பள்ளிக்கூடம் தொடங்கியது வரை போன வாரம் வந்திருந்தோம். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள், மறுபடி சொல்ல இங்கே இடமில்லை. இந்த வாரம் அங்கே உள்ள நுண்கலைக் கல்லூரியான கலாபவனத்து மாணவர்களின் நந்தன் மேளா என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகத்தான் திங்கட்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். நடுவில் ஓர் இலை குறுக்கிட்டது.

சாந்திநிகேதனின் விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறுபவர்களுக்கு சப்தபர்ணி இலை கொடுப்பது மரபாக இருந்தது. அங்கி கிடையாது, குஞ்சம் வைத்த தொப்பி கிடையாது. தோளில் ஓர் உத்தரீயம், கையில் ஒரு கொத்து இலை. இது பலருக்கும் தெரிந்த சங்கதிதான். எனக்குத் தெரியாமல் இருந்தது அந்த மரத்தின் தாவரவியல் பெயர். அல்ஸ்டோனியா ஸ்காலரிஸ். ஸ்காலரிஸ் என்றால் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது என்று பொருள். 1767-இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. ஏன் அப்படி வைத்தார்? அந்த மரத்தை அறுத்துத்தான் பிள்ளைகள் எழுதிப் பழகும் பலகைகள் செய்தார்களாம். ஆரம்பத்தில் அதை எகைட்டிஸ் என்கிற பேரினத்தில் போட்டிருந்தார்கள். பிறகு ராபர்ட் பிரவுன் என்கிற தாவரவியலாளர் புதுப் பேரினம் ஒன்றை உண்டாக்கி, அதற்கு எடின்பரோவில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த சார்லஸ் அல்ஸ்டன் பெயரை வைத்தார். ஆக, பெயரில் முன்பாதி ஒரு வாத்தியார், பின்பாதி பள்ளிக்கூடம். பட்டமளிப்பு விழாவுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைத்த மாதிரி இருக்கிறது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், சொல்ல ஆளில்லை.

யாரும் யோசித்து வைக்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ரவீந்திரநாத் தாகூரின் அப்பா தேவேந்திரநாத் தாகூர் பல்லக்கில் போகும் வழியில், போல்பூர் பக்கத்துச் செம்மண் பொட்டலில் இந்த மரங்கள் இரண்டைப் பார்த்துக் கீழே உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். அந்த இடம் பிடித்துப்போய் 1863-இல் இருபது பீகா நிலத்தை நிரந்தரக் குத்தகைக்கு எடுத்தார். லின்னேயஸை நினைத்து உட்கார்ந்திருக்க மாட்டார். வெயிலுக்கு நிழல், அவ்வளவுதான். வங்காளிகளுக்கு அது சாதிம் மரம். இன்றைக்கு மேற்கு வங்கத்தின் மாநில மரமும் அதுவே. சாந்திநிகேதன் ஆசிரமத்தில் அவர் உட்கார்ந்த இடத்துக்கு சாதிம்தலா என்று பெயர். பழைய மரங்கள் பட்டுப்போய், அதே இடத்தில் புதிதாக நட்டு வளர்த்திருக்கிறார்கள்.

நமக்கு அது ஏழிலைப் பாலை. கிள்ளினால் பால் வடியும், அதனால் பாலை. மலையாளத்தில் ஏழிலம்பாலை. அந்த ஊர்க் கதைகளில் யட்சிகள் குடியிருப்பு அது. பூத்திருக்கும் ராத்திரியில் அந்த மரத்தடியே வேண்டாம் என்பார் என்னோடு வேலை பார்த்த ஒரு திருச்சூர்க்காரர். அவர் சொன்னது யட்சியை மனதில் வைத்தா, தலையைப் பிளக்கிற அந்தப் பூவாசனையை வைத்தா என்று கடைசிவரை தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எழுதாமல் மரம் பார்க்கக் கிளம்பினேன். எங்கள் பேட்டையில் ஒரு பள்ளிக்கூட மதிலை ஒட்டி ஒரு ஏழிலைப் பாலை நிற்கிறது. (ஆமாம், பள்ளிக்கூடம். நான் ஒன்றும் கற்பனை செய்யவில்லை.) தாழ்ந்திருந்த கிளையை இழுத்து எண்ணிப் பார்த்தேன். ஒரு கணுவில் ஆறு. அடுத்ததில் ஏழு. அப்புறம் ஐந்து, மறுபடி ஏழு, எட்டு. குடைக்கம்பிகள் மாதிரி சுற்றிலும் விரிந்த இலைகள். மேற்புறம் எண்ணெய் தடவினதுபோல மினுக்கு, திருப்பினால் வெளிறின சாம்பல் பச்சை. காம்பு ஒடிந்த இடத்தில் பால் கடுகளவு திரண்டு நின்றது. கொம்புக்குக் கொம்பு கயிறு மாதிரி நீள நீளக் காய்கள், இரண்டிரண்டாக.

"என்ன சார் தேடறீங்க?" என்றார் பள்ளிக் காவலாளி.

"இலை எண்ணறேங்க."

"மரத்துல இருக்கறதையா?"

ஒரு கணுவுக்கு மூன்றிலிருந்து பத்து வரை வரலாம் என்கின்றன தாவர நூல்கள். சப்தபர்ணி என்று வடமொழியில் வைத்தவரும் ஏழிலை என்று தமிழில் வைத்தவரும் ஏழு வந்த கணுவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இலையை இத்தனை தூரம் துரத்தியதற்கு ஒரு காரணமும் உண்டு: அந்த மரம் நின்ற இடத்தில் படிப்புக்கு முன்பே விழா வந்துவிட்டது. பல்கலைக்கழகங்களில் டிசம்பர் வந்தால் ஆண்டு விழா, கலை விழா, அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று ஏதாவது நடக்கும். பல்கலைக்கழகம் முதலில், விழா பிறகு. சாந்திநிகேதனில் வரிசை தலைகீழ். பௌஷ் மேளா என்கிற சந்தை 1894-இல் தொடங்கியது. பள்ளிக்கூடம் 1901. பல்கலைக்கழகம் 1921. சந்தை கூடின மைதானத்தில் முளைத்த பல்கலைக்கழகம் அது. விழாவைப் படிப்புக்கு நடுவில் வரும் இடைவேளையாக நினைக்கிற நமக்கு இது லேசில் பிடிபடாது.

எல்லாமே பௌஷ் மாதத்தில் நடந்தவை. வங்காளத்துப் பௌஷ் நம்முடைய மார்கழி, ஒரே சூரிய மாதம். தேவேந்திரநாத் பிரம்ம சமாஜ தீட்சை பெற்றது 1843 டிசம்பர் 21, பௌஷ் 7. ஆசிரமத்துக் கண்ணாடி மந்திர் திறந்தது 1891-இல் அதே பௌஷ் 7. பள்ளிக்கூடமும் பௌஷ் 7. விஸ்வபாரதி மட்டும் ஒரு நாள் தள்ளி, 1921 டிசம்பர் 23, பௌஷ் 8. நம்மவர்கள் மார்கழியில் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள்.

1888-இல் தேவேந்திரநாத் எழுதிவைத்த அறக்கட்டளைப் பத்திரத்திலேயே மேளா இருக்கிறது. வருஷா வருஷம் நடத்த வேண்டும். எந்தச் சமயத்துச் சாதுக்களும் வந்து சமய விசாரம் பேசலாம். உருவ வழிபாடு கூடாது, ஆபாசக் கேளிக்கை கூடாது. எதையும் விற்கலாம், மதுவும் மாமிசமும் தவிர. அதாவது, நாம் இன்றைக்குப் பொதுச் சொற்பொழிவு என்று அழைப்பிதழ் அடித்து, பொன்னாடையும் சமோசாவும் ஏற்பாடு செய்து, எண்ணி முப்பது பேரை உட்காரவைக்கிறோமே, அதை அவர் சந்தைக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார். வளையல் வாங்க வந்தவனும் காதில் போட்டுக்கொண்டு போகட்டும் என்று. கெட்டிக்காரர்.

மேளா பூர்வபள்ளி மைதானத்தில் நடந்த ஒரு வருஷம் நான் போயிருக்கிறேன். ஹவுராவிலிருந்து வந்த ரயிலிலேயே பாவுல் பாடகர் ஒருவர் ஏறிவிட்டார். ஒட்டுப்போட்ட அங்கி, கையில் ஏக்தாரா. பாட்டு முடிந்து சில்லறைக்குக் கை நீட்டும்போதும் ஒற்றைத் தந்தியை விரல் மீட்டிக்கொண்டே இருந்தது. மறுநாள் விடிவதற்கு முன்னால் வைதாலிக்: மாணவர்களும் ஆசிரியர்களும் பாடிக்கொண்டே ஆசிரமத்தைச் சுற்றி வருவார்கள். மயிலாப்பூர் மாட வீதியில் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அதே மாதம், அதே நேரம். குளிர் மட்டும் அதிகம். மங்கி குல்லா போட்ட பெரியவர்கள், சால்வைக்குள் கையை ஒளித்த பெண்கள், மூச்சுவிட்டால் புகை. நான் ஒரு அரைக்கை ஸ்வெட்டரை நம்பிப் போயிருந்தேன். பிறகு சாதிம்தலாவில் உபாசனை. உபநிடத மந்திரம், ரவீந்திர சங்கீதம், நடுவில் ஒரு சின்ன உரை. எனக்குப் பாதி புரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், புரிந்திருந்தும், கண்ணை மூடியபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

சந்தைப் பக்கம் வந்தால் செம்மண் புழுதி. டோக்ராப் பித்தளை பொம்மைகள், காந்தா தையல் சேலைகள், சுடுமண் நகைகள், சந்தாலி மேளம். ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சிய வெல்லத்தை வட்ட அச்சுகளாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார் கடைக்காரர். நம் கருப்பட்டியின் தங்கை, புகைவாசம் கொஞ்சம், காரல் இல்லை. இரண்டு கிலோ வாங்கினேன். ஊர் வந்து சேர்வதற்குள் பையில் இருந்த புத்தகங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதில் ஒன்று நூலகப் புத்தகம். அந்தக் கதை வேண்டாம்.

டிசம்பர் 25 அன்று அதே கண்ணாடி மந்திரில் கிறிஸ்தோத்சவம். உருவ வழிபாடு கூடாது என்று எழுதிவைத்த இடத்தில் மெழுகுவத்தி ஏற்றி ஏசுவைப் பாடுகிறார்கள். ரவீந்திரநாத் தாகூர் 1910-இல் தொடங்கியது. 1943 பஞ்சத்திலும் 1946 கலவரத்திலும் மேளா நின்றது, பிறகு 2020-இல் கொரோனாவில். 2019-க்குப் பிறகு பல்கலைக்கழகம் மறுபடி மேளா நடத்தியது 2024-இல்தான். இடையில் நடந்த இழுபறிகளை எழுதினால் இந்தத் தொடர் வழக்குக் கட்டாகிவிடும்.

இலைக்குத் திரும்புகிறேன். பட்டமளிப்பு விழா ஆம்ரகுஞ்சம் என்கிற மாந்தோப்பில் நடப்பது வழக்கம். பிரதமர்தான் வேந்தர், அங்கே அவருக்கு ஆசார்யர் என்று பெயர். அந்த மாந்தோப்பு சாதாரண இடம் இல்லை. 1913-இல் தாகூருக்கு நோபல் கிடைத்த செய்தி வந்ததும் கல்கத்தாவிலிருந்து தனி ரயில் பிடித்து நூற்றுக்கணக்கானோர் பாராட்ட வந்தார்கள். ஜகதீஷ் சந்திர போஸ் தலைமை. மாலை மரியாதை முடிந்து தாகூர் எழுந்து பேசியதில் வந்தவர்கள் முகம் வாடிவிட்டது. இத்தனை நாள் தன்னை ஏளனம் செய்தவர்கள் வெளிநாட்டுப் பரிசு வந்ததும் கொண்டுவந்த இந்தப் புகழ்க் கிண்ணத்தை உதடு வரை கொண்டுபோகலாம், உள்ளே இறக்க மனம் வரவில்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டார். பாராட்டு விழா ஏற்புரைகளில் இதற்கு இணையாக நான் எதையும் கேட்டதில்லை. பாவம், ரயில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள்.

இன்னொரு பட்டமளிப்பு 1940 ஆகஸ்ட் 7-இல். தாகூருக்கு டாக்டர் பட்டம் கொடுக்க ஆக்ஸ்ஃபர்டு தன் விழாவையே சாந்திநிகேதனுக்குக் கொண்டுவந்தது. ஆக்ஸ்ஃபர்டு சார்பில் வந்தவர்கள் தலைமை நீதிபதி மாரிஸ் க்வையரும், நம் திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணனும். அவர்கள் முறைப்படி லத்தீனில் வாசித்தார்கள். தாகூர் சமஸ்கிருதத்தில் பதில் சொன்னார். சபையில் எத்தனை பேருக்கு இரண்டும் புரிந்திருக்கும்! நீ உன் பழைய மொழியில் பேசினால் நான் என் பழைய மொழியில் பேசுகிறேன் என்கிற அந்த வீம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1941 ஆகஸ்ட் 7 அன்று, அவர் இறந்துபோனார்.

என் பட்டமளிப்பைச் சொல்லாமல் விட முடியவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். வாடகை அங்கி, நாஃப்தலின் உருண்டை நெடி, கை மட்டும் முழங்காலைத் தொடும். மேடையில் கொடுத்தது வெற்று உறை. சான்றிதழ் ஏழு மாதம் கழித்து வந்தது, அப்பா பெயரில் ஓர் எழுத்து இல்லாமல். அதைத் திருத்த நான்கு முறை அலைந்தேன். நான்காவது முறை கவுன்ட்டரில் இருந்தவர், "அப்பா பேரைக் கொஞ்சம் சுருக்கிக்கிட்டா என்ன சார்?" என்றார்.

சாந்திநிகேதனில் மார்கழிக்கு இத்தனை மரியாதை ஏன் என்றால், அந்த ஊரின் கோடையைப் பார்க்க வேண்டும். தாகூரின் பிறந்தநாள் பொய்சாக் 25, நம் சித்திரைக் கடைசி வாரம். அந்த நேரத்தில் அங்கே கிணறு வறண்டு, விடுதி காலியாகிவிடும். அதனால் அவருடைய கடைசிக் காலத்தில் பிறந்தநாளை வருஷப் பிறப்போடு சேர்த்துக் கொண்டாடிவிட்டார்கள். 1941 ஏப்ரலில் அப்படி நடந்த விழாவில்தான் நாகரிகத்தின் நெருக்கடி பற்றிய அவருடைய கடைசிப் பேருரையை, அவர் அருகில் உட்கார்ந்திருக்க, க்ஷிதிமோகன் சென் வாசித்தார். 2018-இல் பட்டமளிப்பு விழாவை மே 25-க்கு வைத்தார்கள். இந்தியா, வங்கதேசம் என்று இரண்டு பிரதமர்கள் மேடையில். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று பிள்ளைகள் ஜாடை காட்டியதைச் சொல்லி, வேந்தர் மேடையிலேயே வருத்தம் தெரிவித்தார். பஞ்சாங்கத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

புதன்கிழமை மதியம் அலுவலகத்திலிருந்து தம்பி கூப்பிட்டார். "சார், மேட்டர் எப்ப வரும்? நந்தன் மேளாவுக்குப் படம் ரெடியா இருக்கு."

"படத்தை அடுத்த வாரத்துக்கு வச்சுக்கங்க தம்பி. இந்த வாரம் இலை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பக்கம் எவ்வளவு சார் வரும்?"

ஆகவே நந்தன் மேளா அடுத்த வாரம். ஓவியர் நந்தலால் போஸின் பிறந்தநாளுக்கு முந்தைய இரண்டு நாள், டிசம்பர் 1, 2. 1973-இல் தொடங்கியது. மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த பொருள்களை விற்று வரும் பணம் மாணவர் நல நிதிக்குப் போகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, சிறைக்குப் போய், 1944-இல் கலாபவனத்தில் வந்து சேர்ந்த ஓவியர் கே. ஜி. சுப்ரமணியனையும் அங்கேதான் பார்க்கப்போகிறோம். வேறெதுவும் குறுக்கே வராவிட்டால்.

இன்று காலை அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது காவலாளி கைகாட்டி நிறுத்தினார். "சார், உள்பக்கக் கிளையில ஒண்ணுல ஒம்பது இருக்கு." நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. மணி பத்தாகிவிட்டிருந்தது, கடைசிப் பாராவை இன்னும் எழுதியிருக்கவில்லை.