டாக்டர் இல்லாத நாளில் ஊசி யார் கையில்?

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் செங்கோட்டையை அடுத்த புளியரை சோதனைச் சாவடியில் கால்நடைத் துறையினர் முகாமிட்டு, வரும் வண்டிகளுக்கெல்லாம் மருந்து தெளிப்பார்கள். அவசியமான வேலைதான். ஆனால் ஆள் குறைவான துறையில், ஒரு டாக்டர் அங்கே போனால் அவருடைய மருந்தகத்தில் அன்றைக்கு நாற்காலி காலி.

குற்றாலத்தில் சாரல் பிடித்த ஆடி மாதம் என்று வையுங்கள். சுற்றுவட்டாரத்தில் தொழுவமெல்லாம் ஈரம். ஒரு பசுவுக்கு மடி கல்லாக வீங்கியிருக்கிறது. காம்பைப் பீச்சினால் பால் திரிதிரியாக வருகிறது. மருந்தகத்தில் இருப்பவர் கால்நடை ஆய்வாளர் மட்டும். "நீங்களே ஒரு ஊசி போட்டுருங்க சார்" என்று கெஞ்சுகிறார் மாட்டுக்காரர்.

போடலாமா? இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-ன் 30-வது பிரிவு சிகிச்சை உரிமையைப் பதிவுபெற்ற மருத்துவருக்கே தருகிறது. ஆய்வாளர் போன்ற, மாநில அரசின் அனுமதி பெற்ற பட்டய, சான்றிதழ்தாரர்கள் தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டுப்போடுவது போன்ற முதலுதவியைச் செய்யலாம். அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில். மகாராஷ்டிரப் பட்டயதாரர்கள் தொடுத்த வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றமும் இந்த வரம்பை உறுதிசெய்தது. மடிநோய்க்கு எந்த ஆன்டிபயாடிக், எவ்வளவு என்று முடிவெடுப்பது டாக்டரின் வேலை. அவரிடம் போனில் கேட்டு, கேட்ட நேரத்தையும் அவர் சொன்ன மருந்தையும் பதிவேட்டில் எழுதிவைப்பதுதான் ஆய்வாளருக்கும் மாட்டுக்கும் நல்லது.

ஊசி போட்டதோடு கதை முடியவில்லை. மறுநாள் காலைப் பால் சொசைட்டிக்குப் போகக் கூடாது. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துப் புட்டியிலேயே இருக்க வேண்டும். அந்த நாள் கணக்கு நிர்ணயிக்கப்படாத மருந்துக்குப் பால் என்றால் குறைந்தது 7 நாள், இறைச்சி என்றால் 28 நாள் என்கிறது 2012-ம் ஆண்டு விதி. ஒற்றைப் பசுவை நம்பியிருக்கும் வீட்டில் ஒரு வாரப் பாலைக் கீழே கொட்டச் சொல்வது கஷ்டம்தான். அவசரத்தில் அதைச் சொல்லாமல் விடுவது, அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தைக்குச் செய்யும் துரோகம்.

இன்னொரு நெருக்கடி, டாக்டர் இல்லாத நாளில் செத்த மாட்டுக்குக் கேட்கப்படும் காப்பீட்டுச் சான்று. தான் பார்க்காத மாட்டின் சாவுக்குக் கையெழுத்துப் போட்டால் மருத்துவரின் பதிவுக்கே ஆபத்து.

5,000 மாடுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-லேயே சொல்லிவிட்டது. பணியிடங்களை நிரப்ப வேண்டியது அரசு. அந்தப் பொறுப்பை ஆய்வாளரின் தலையில் கட்டக் கூடாது. அதுவரை, டாக்டர் வராத நாளில் அதைக் காலையிலேயே பலகையில் எழுதி, ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டால், வீங்கிய மடியோடு பசுவை நடத்திக் கூட்டிவருகிறவர் வீட்டிலிருந்தே 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டு நடமாடும் மருத்துவ வண்டியைக் கேட்கலாம்.